வீடில்லாதவரை நாம் பார்க்கும் பார்வை: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டில், பேருந்து நிலையத்திலும் கடைவரிசை அஞ்சடியிலும் (கடை முன் கூரையிட்ட நடைபாதையிலும்) இரவில் படுத்திருப்பவர்களைப் பற்றி, கோயில் அன்னதானப் பந்தியிலும் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் இடத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம். சிலவற்றில் கேள்வியைவிடத் தீர்ப்பே அதிகம். அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பக்கத்தின் வேலை.

1. வீடு இல்லாதவங்கன்னா ரோட்டுல படுக்கிறவங்கதானே?

அவர்கள் கண்ணில் படுகிறவர்கள், அவ்வளவுதான். உணவுக்கடையின் பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே படுக்கும் பாத்திரம் கழுவுபவர், லாரிக்குள்ளேயே குடியிருக்கும் அட்டெண்டன், அக்காள் வீட்டு ஹாலில் மூன்று மாதமும் தம்பி வீட்டில் இரண்டு மாதமுமாக ஒண்டிக்கொண்டிருக்கும் அம்மா, எல்லாருமே வீடில்லாதவர்கள்தான். ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றியுள்ள பட்டணங்களில் இன்னொரு வகையும் உண்டு. மூடிப்போன தோட்டத்தின் இடிந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), தண்ணீரும் கரண்டும் வெட்டிய பிறகும் போக்கிடம் இல்லாமல் தங்கியிருப்பவர்கள்.

இவர்கள் தனித்தனிக் கூட்டமும் அல்ல. ஒரே ஆள் ஒண்டிக் குடித்தனத்திலிருந்து கடைப் பின்கட்டுக்கும், அங்கிருந்து அஞ்சடிக்கும் வந்து சேர்கிறார். அஞ்சடிக்கு வந்த பிறகுதான் ஊர் அவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறது.

2. விருந்தோம்பல்னு அவ்வளவு பெருமை பேசுறோம். அப்புறம் ஏன் இவங்களைக் கண்டா ஒதுங்கிப் போறோம்?

தமிழில் கொடுப்பதற்குப் புகழ் உண்டு, வாங்குவதற்கு இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் படித்தே வளர்ந்திருக்கிறோம். ஆத்திசூடியில் "ஏற்பது இகழ்ச்சி" என்ற வரிக்கு அடுத்த வரி "ஐயமிட்டு உண்". பிச்சை எடுப்பது கேவலம். பிச்சை போட்டுவிட்டுச் சாப்பிடு. போடச் சொல்வதற்கு முன்னாலேயே வாங்குகிறவன் எங்கே நிற்க வேண்டும் என்று கோடு போட்டாகிவிட்டது.

ஆனால் பழைய நூல்கள் இதோடு நிறுத்தவில்லை. புறநானூறு 204-ஆம் பாட்டில் கழைதின் யானையார், "ஈ" என்று கேட்பது இழிவு, "ஈயேன்" என்று மறுப்பது அதைவிட இழிவு என்கிறார். நாம் முதல் பாதியை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டோம். குறளும் அப்படித்தான். இல்லை என்று சொல்லிச் சோம்பியிருப்பவரைக் கண்டால் நிலமகள் சிரிப்பாள் என்பது 1040-ஆம் குறள். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்பது 1062. மேடையில் முதல் குறள் அடிக்கடி கேட்கும். இரண்டாவதைச் சொல்கிற பேச்சாளர் அபூர்வம். கீழே முதல் வரிசையில் நன்கொடையாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

சொல்லிலேயே ஒரு முடிச்சும் இருக்கிறது. "இல்" என்றால் வீடு. அதே "இல்"தான் இல்லாமையும். வீட்டை ஆள்பவள் இல்லாள், ஒன்றும் இல்லாதவன் இல்லான். "இல்லானை இல்லாளும் வேண்டாள்" என்று நல்வழி சொல்லும்போது பணம், வீடு, மனைவி, மரியாதை நான்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிடுகின்றன. ஒன்று அறுந்தால் மற்றதும் போகும் என்பது அந்தக் காலத்துக் கணிப்பு. நம் ஊரில் இன்றும் தனிக்கட்டை ஆணுக்கு வாடகை வீடு கிடைப்பது குதிரைக் கொம்புதான்.

3. சாமியாருக்கும் வீடு இல்ல. அவரு கால்ல மட்டும் விழுறோமே?

நல்ல கேள்வி. அறம், பொருள், இன்பம், வீடு என்று அடுக்கும்போது அந்த "வீடு" முத்தியைக் குறிக்கிறது. "விடு" என்பதிலிருந்து வந்தது, எல்லாவற்றையும் விட்ட நிலை. சிவனே பிச்சாடனராக ஓடேந்தி நிற்கிறார். முருகன் பழனியில் ஆண்டி. ஆக, வீடில்லாமை நம் மரபில் இழிவின் அடையாளம் மட்டுமல்ல, உச்சத்தின் அடையாளமும் கூட.

விட்டவனையும் இழந்தவனையும் ஊர் பிரித்துப் பார்க்கிறது. விட்டவனுக்கு ஒரு காலத்தில் இருந்தது, வேண்டாமென்று வந்தான். இழந்தவனுக்கு அந்தப் பெருமை கிடையாது. அவன் இழந்ததற்கு முன்வினை என்று ஒரு காரணமும் தயாராக இருக்கிறது. வினையை நம்பினால் உதவவும் தோன்றலாம், "அவன் தலையெழுத்து" என்று நடந்து போகவும் தோன்றலாம். இரண்டாவது செலவில்லாதது. பிரித்துப் பார்க்க நாம் வைத்திருக்கும் அளவுகோல் பெரும்பாலும் துணிதான். காவி கட்டி, பட்டை போட்டு உட்கார்ந்தால் தேநீர் தேடி வரும். அதே ஆள் கிழிந்த டி-சட்டையில் உட்கார்ந்தால் கடைக்காரர் தண்ணீர் தெளித்துப் பெருக்க ஆரம்பிப்பார்.

4. அந்தக் காலத்துல இவங்கல்லாம் எங்க படுத்தாங்க?

மணிமேகலையில் புகார் நகரத்து "உலக அறவி" வருகிறது. பொது அம்பலம். பார்வையற்றோர், காது கேளாதோர், கால் முடங்கியோர், பார்த்துக்கொள்ள ஆளில்லாதோர், நோயாளிகள் என்று ஊர் ஒதுக்கியவர்கள் கூடும் இடம். மணிமேகலை அமுதசுரபியோடு அங்கேதான் போகிறாள். பிறகு அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றவும் வைக்கிறாள். வீடற்றவரை அடைத்து வைப்பதா, சோறு போடுவதா என்ற வாதம் இன்று நேற்று வந்ததல்ல.

பிற்காலத்தில் சத்திரமும் மடமும் சாவடியும் இருந்தன. அங்கே சோறு போட்டது பரதேசிகளுக்கு, அதாவது வெளியூர்க்காரர்களுக்கு. அந்தச் சொல் வசவாக மாறியது பின்னால். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: சத்திரத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. பலவற்றில் சாதி பார்த்தார்கள். 1867-இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலை சாதி சமயம் கேட்காமல் சோறு போட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே மற்ற இடங்களின் நிலையைக் காட்டுகிறது.

இன்னொன்று திண்ணை. சொந்த வீட்டின் ஒரு பகுதியை, முகம் தெரியாதவன் இராத்தங்கிப் போகட்டும் என்று கூரை போட்டு விட்டு வைத்தார்கள். இங்கே அதன் இடத்தில் வந்தது அஞ்சடி. 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், கடைகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்று விதித்தார். மலாயாப் பட்டணங்களும் அதையே பின்பற்றின. திண்ணை உட்காருவதற்கு, அஞ்சடி நடப்பதற்கு. மழைக்கு ஒதுங்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் அஞ்சடியில் படுத்தால் வழியை மறிக்கிறாய் என்று சட்டம் பேசலாம்.

5. "உடம்பு வணங்காதவன், சோம்பேறி"ங்கிறது நம்ம ஆளுங்க கருத்தா, வெள்ளைக்காரன் கருத்தா?

இரண்டும் கலந்தது. நம் பங்கை 2-இல் சொல்லிவிட்டோம். ஆனால் அதைப் போலீசும் கோர்ட்டும் சம்பந்தப்பட்ட விஷயமாக ஆக்கியது இங்கிலாந்து. 1348-49 கொள்ளை நோயில் அங்கே ஏராளமானோர் செத்துப்போக, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தவர்கள் கூலி கூட்டிக் கேட்டார்கள், கிடைக்காவிட்டால் வேறு ஊர் தேடி நடந்தார்கள். 1349-இல் வந்த அரசாணை கூலியைப் பழைய அளவிலேயே கட்டிப்போட்டது. உழைக்கத் தெம்புள்ளவனுக்குப் பிச்சை போடுகிறவருக்கே சிறை என்றும் அது சொன்னது. கவனியுங்கள், "சோம்பேறிப் பிச்சைக்காரன்" என்ற உருவம் சட்டத்துக்குள் வந்தது ஆள் பற்றாக்குறையில். ஊர் சுற்றுவதைத் தடுத்தால்தான் மலிவுக் கூலிக்கு ஆள் நிற்கும்.

1547-இல் இன்னும் கடுமை: வேலையில்லாமல் திரிபவனுக்கு மார்பில் சூடு, இரண்டு ஆண்டு அடிமைத்தனம். அதை நடத்திக்காட்ட முடியாமல் சில ஆண்டுகளிலேயே கைவிட்டார்கள். 1601 ஏழையர் சட்டம் உதவி பெறத் தகுந்த ஏழை, தகாத ஏழை என்ற பிரிவினைக்கு நிரந்தர உருவம் கொடுத்தது. நெப்போலியன் போர் முடிந்து வேலையில்லாச் சிப்பாய்கள் தெருவில் நிறைந்த பிறகு, 1824 நாடோடிச் சட்டம் வந்தது. வெட்டவெளியில் படுத்து, "கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழி இல்லாமல்", தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தரமுடியாதவன் குற்றவாளி. இந்தச் சொற்றொடரை நினைவில் வையுங்கள், 12-இல் மறுபடி சந்திப்போம்.

இந்தியாவிலும் அதே கை. 1871 குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. ஊர் ஊராகப் போய் உப்பும் கூடையும் விற்றுப் பிழைத்த குறவர்கள் பிறப்பாலேயே சந்தேகத்துக்குரியவர் ஆனார்கள். நம் தாத்தாக்கள் கப்பலேறி வந்த காலம் அது. அந்தப் பார்வையும் மூட்டையோடு வந்தது.

6. தோட்டத்துல யாரும் ரோட்டுல படுத்ததில்லையே. இப்ப மட்டும் ஏன்?

தோட்டத்தில் வீடு என்பது வேலையின் ஒரு பகுதி. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். தொழிலாளிக்கு வீடு கொடுப்பது தோட்டத்தின் கடமை என்று 1923 தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரைக்கும் பல சட்டங்கள் விதித்தன. அப்படி வந்தது லயம்: ஒரே நீளக் கூரை, வரிசையாகக் காம்பராக்கள் (அறைகள்). வாடகை இல்லை, பட்டாவும் இல்லை. செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பெயர் இருக்கும்வரை காம்பரா. பெயர் வெட்டினால் காம்பராவும் போச்சு. புருஷன் இறந்தால் மனைவியோ மகனோ ரப்பர்ப் பால் வெட்டப் போய்ப் பெயரைக் காப்பாற்ற வேண்டும். 55 வயதில் ஓய்வு பெற்றவர், பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் அதே கூரைக்குக் கீழே சாகலாம்.

விடியுமுன் பெரட்டுக்கு (பெயர் கூப்பிடும் இடத்துக்கு) வராதவனைத் தேடி ஆள் லயத்துக்கே வரும். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது என்ற நிலையே அங்கே கிடையாது. மூன்று தலைமுறை இப்படி வாழ்ந்தால், "வீடு இல்லை" என்ற சொல் காதில் "வேலைக்குப் போகவில்லை" என்றுதான் விழும். பெயர் வெட்டுவது தண்டனையாக இருந்ததால், வீடில்லாதவன் ஏதோ தப்பு செய்து வெட்டுப்பட்டவன் என்றும் தோன்றும். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிற்கும்வரை தோட்டத்தை விட்டு ஓடுவது சிறைக்குரிய குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோட்டில் தனியாக நடந்து போகும் கூலியாளை ஓடிவந்தவனாகப் பார்க்கும் கண் அப்போதே பழகிவிட்டது.

யாரும் ரோட்டில் படுக்கவில்லை என்பதும் முழு உண்மை அல்ல. தோட்டம் தனக்கு வேண்டாதவர்களை எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பினார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப் போனவர்களில் பலர் திரும்பவேயில்லை. அவர்கள் விட்டுப்போன விதவைகளும் பிள்ளைகளும் அந்தக் காம்பராக்களைப் பிடித்துக்கொண்டு நின்ற கதை இங்கே பல குடும்பங்களில் உண்டு.

7. சரி, தோட்டத்தை வித்தப்போ எல்லாருக்கும் பணம் கொடுத்தாங்களே?

கொடுத்த இடமும் உண்டு, கொடுக்காத இடமும் உண்டு. கொடுத்த பணம் வேலை நீக்கத்துக்கு. வீட்டுக்கு அல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். அதற்குப் பதிலாகத்தான் அப்போதைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி (மலாயா டாலர்) கட்டி, தாங்கள் வேலை செய்யும் தோட்டத்தைத் தாங்களே வாங்குவது என்ற திட்டம். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. மற்ற இடங்களில் அந்த வாய்ப்பு வரவில்லை.

பிறகு 1968 வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி எடுக்க வேண்டும். பல்லாயிரம் பேர் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்தியாவுக்குப் போனார்கள். போகாமல் சிவப்பு ஐசியோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டையோடு) தங்கியவர்களின் வாரிசுப் பிரச்சினை இன்றுவரை வருகிறது. 1980-கள் தொட்டு ரப்பர்த் தோட்டம் செம்பனைத் தோட்டமானது, செம்பனைத் தோட்டம் தாமானும் (வீடமைப்புப் பகுதியும்) கோல்ஃப் திடலும் ஆனது. வெளியே வந்தவர்கள் பட்டணத்து ஓரம் பலகை வீடு கட்டினால் அதற்குப் பெயர் புறம்போக்கு. நிலக் கணக்கில் எல்லாருக்கும் பொதுவான நிலத்தைக் குறித்த சொல் அது. இப்போது ஆளையே அப்படித் திட்டுகிறோம்.

8. ஐசி காட்ட மாட்டேங்கிறான். அப்ப ஏதோ கள்ளத்தனம் இருக்குதானே?

இந்தச் சந்தேகம் பிறந்த ஊரே நம்முடையதுதான். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை வந்தது. 1950 பிரிக்ஸ் திட்டத்தில் புறம்போக்குவாசிகள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள், லயங்களை முள்வேலி சுற்றியது. ஊரடங்கு நேரத்தில் முகவரியும் அட்டையும் இல்லாமல் வெளியே நிற்பவன், காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறவன் என்று பொருள். அவசரகாலம் 1960-இல் முடிந்தது. பழக்கம் முடியவில்லை.

இன்று ஐசி இல்லாததற்குச் சாதாரணக் காரணம்: படுத்திருக்கும்போது பை களவு போனது. மாற்று அட்டைக்கு முதல் முறை தொலைத்தால் 100 ரிங்கிட், இரண்டாம் முறை 300, அதற்கு மேல் 1,000. கூடவே 10 ரிங்கிட் கட்டணம். களவு போனது என்று போலீஸ் புகார் இருந்தால் அந்த 10 மட்டும்தான். இதைத் தெரியாமல், நூறு வெள்ளி சேரட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

9. எல்லாம் குடிகாரக் கேஸ். குடிச்சே அழிச்சிட்டாங்க.

சிலர் குடிக்கிறார்கள், சிலர் இல்லை. ரோட்டுக்கு வந்த பிறகு, தூக்கம் வருவதற்காகக் குடிக்கத் தொடங்கியவரும் உண்டு. எது முன்னால், எது பின்னால் என்று அஞ்சடியில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனால் "தமிழன் குடிகாரன்" என்ற பேச்சுக்கு ஒரு பின்னணி இருக்கிறது. தோட்டத்துக் கள்ளுக்கடை உரிமம் பெற்று, நிர்வாகத்தின் அனுமதியோடு, லயத்துக்கு நடக்கும் தூரத்தில் நடந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் கேட்டவற்றில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. மூடச் சொன்னவன் தொழிலாளி. கெட்ட பெயரும் அவனுக்கேதான் வந்தது.

10. பொம்பளைங்க யாரும் ரோட்டுல இல்லையே. அப்ப அவங்களுக்குப் பிரச்சினை இல்லன்னுதானே அர்த்தம்?

இல்லை. அவர்கள் 1-இல் சொன்ன ஒண்டிக் குடித்தனங்களிலும் கடைப் பின்கட்டுகளிலும் இருக்கிறார்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு என்ற இரண்டு சொல்லிலும் அவளுடைய வீடு எது என்பதற்குப் பதில் கிடையாது. அடி வாங்கிக்கொண்டு இருப்பது, அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது, யார் வீட்டிலாவது சோறாக்கிப் போட்டுத் தங்குவது. பகலெல்லாம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டு நடை சாத்தும் நேரத்தில் மறைந்துவிடும் அம்மாவைப் பார்த்தால், எங்கே போகிறார் என்று ஒரு பெண் போய் விசாரிப்பது நல்லது.

11. நாலு பிள்ளைங்க இருக்காங்களாம். அவங்க பார்க்க வேண்டியதுதானே?

பார்க்க வேண்டியதுதான். ஆனால் கிழவரைக் கண்டவுடன் இதைக் கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார். பிள்ளைகளின் பெயரைக் கெடுக்க விரும்பாமல் "எனக்கு யாருமில்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு. லயத்தில் மூன்று தலைமுறை ஒரே கூரையில் இருந்தது, அந்தக் கூரை தோட்டத்தினுடையது என்பதால். மூன்று அறை மலிவு விலை பிளாட்டில் மகன், மருமகள், மூன்று பிள்ளைகள் போக மிச்சமிருக்கும் இடம் ஹால் மட்டும்தான். பாசம் குறைந்தது என்பது பாதிக் கதை.

12. ரோட்டுல படுத்தா போலீஸ் பிடிக்கலாமா? அது குற்றமா?

இதற்கான சட்டம் ஆதரவற்றோர் சட்டம் 1977, சட்டம் 183. பொது இடத்தில் தொந்தரவாகப் பிச்சை எடுப்பவர் மட்டுமல்ல, பிச்சையே எடுக்காவிட்டாலும், வேலையின்றிப் பொது இடத்தில் காணப்பட்டு, கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழியோ தங்குமிடமோ இல்லாதவரும், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தரமுடியாதவரும் "ஆதரவற்றவர்". 5-இல் நினைவில் வைக்கச் சொன்ன சொற்றொடர் இதுதான். 1824-இல் லண்டனில் எழுதியது, நூற்றைம்பது ஆண்டு கழித்து நம் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நடைமுறை இப்படி: சமூகநல அதிகாரி ஆளை அழைத்துப் போகலாம்; மறுத்தால் போலீஸ் உதவியைக் கேட்கலாம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அறிக்கை தயாராகும்வரை ஒரு மாதத்துக்கு மேற்படாமல் நல இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம், பிறகு 3 ஆண்டு வரை அங்கேயே தங்க உத்தரவிடலாம். அனுமதியில்லாமல் வெளியேறினால் 3 மாதம் வரை சிறை. இது தண்டனை அல்ல, பராமரிப்பு என்று சொல்வார்கள். கதவு உள்ளிருந்து திறக்காதபோது வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

13. சாப்பாடு கொடுத்துக்கிட்டே இருந்தா அதுவே பழக்கமாயிடாதா?

2014 ஜூலையில் கோலாலம்பூர் நகர மையத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு வழங்கத் தடை என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தபோதும் இதுதான் வாதம். பெரிய எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். 1349 ஆணையை 5-இல் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பசி என்பது ஒரு வேளை சாப்பிட்டால் வேலைக்குப் போகாமல் இருக்கச் செய்யும் சுகம் அல்ல.

உண்மையான குறை வேறு இடத்தில். சனிக்கிழமையும் தீபாவளி வாரமும் ஒரே ஆளுக்கு நான்கு பொட்டலம் வரும், செவ்வாய்க்கிழமை ஒன்றும் வராது. தேங்காய்ப் பால் போட்ட நாசி லெமாக்கைக் காலையில் கட்டி இரவு கொடுத்தால் ஊசிப்போகும். கட்டிய நான்கு மணி நேரத்துக்குள் கைக்குப் போக வேண்டும். பலருக்குப் பல் இல்லை, இனிப்பு நீரும் (நீரிழிவும்) உண்டு. குழைந்த சோறு, பருப்பு, அவித்த முட்டை, அரை லிட்டர் தண்ணீர் போதும். கேக்கும் பாக்கெட் சிராப்பும் வேண்டாம். எந்தக் குழு எந்த நாள் என்று கோயிலும் குருத்துவாராவும் சூராவும் (சிறு தொழுகை இடமும்) பேசிப் பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். படம் எடுக்காதீர்கள். கொடுப்பவர் பெயரைப் பொட்டலத்தில் ஒட்டாதீர்கள்.

14. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் ரெண்டு வாரமா கிடக்கிறாரு. யாருக்குப் போன் போடணும்?

மூச்சுத் திணறல், இரத்தம், சுயநினைவு இல்லை என்றால் 999. மற்றபடி அரசின் சமூகநல உதவி எண்ணான தாலியான் காசே 15999, நாள் முழுதும். பேசும்போது "ஒரு பிச்சைக்காரர் இருக்கிறார்" என்று சொன்னால் வேலை நகராது. எந்த இடம், எந்தக் கடைக்கு எதிரே, ஆணா பெண்ணா, உத்தேச வயது, நடக்கிறாரா, காலில் புண் இருக்கிறதா, எந்த மொழி பேசுகிறார், இரவில் எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அழைத்த தேதியையும் கிடைத்த குறிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் யாரும் வரவில்லையென்றால் கோலகங்சார் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு அதைக் கொண்டு நேரில் போங்கள்.

வரிசை முக்கியம். முதலில் ஐசி தொலைந்ததற்குப் போலீஸ் புகார், பிறகு தேசியப் பதிவு இலாகாவில் ஐசி, அதன் பிறகு மற்றதெல்லாம். ஐசி காட்டினால் அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். காட்ட முடியாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கலாம். முதியோர் உதவித்தொகைக்கும் குடியுரிமையும் 60 வயதும் கேட்பார்கள். இதைத் தலைகீழாகச் செய்துதான் பலரும் அலைகிறார்கள்: முதலில் உதவித்தொகை மனு, மூன்று மாதம் கழித்து "ஐசி எங்கே?"

15. இல்லத்துல சேர்த்துவிடுறோம்னு சொன்னோம். வரமாட்டேன்னுட்டாரு. அப்ப அவருக்கே ரோடுதான் பிடிச்சிருக்கு?

என்ன இல்லம் என்று சொன்னீர்கள்? 60 வயதைத் தாண்டி, ஆதரவில்லாமல், தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடியவருக்கு அரசு நடத்துவது ரூமா ஸ்ரீ கெனாங்கான். பேராக்கில் ஒன்று தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் யாரிடமாவது "தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிப் பாருங்கள். 1911 முதல் அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது. ஊர்ப் பெயரே ஏச்சாகிவிட்டது. தன்னைப் பைத்தியம் என்கிறார்கள் என்று நினைத்து அவர் ஓடுவதில் என்ன ஆச்சரியம்? ஊரைச் சொல்லாமல், இல்லத்தின் பெயரைச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத் திரும்புங்கள். படுத்த படுக்கையானவருக்கு ரூமா ஏசான், சட்டம் 183-இன் கீழ் அனுப்பப்படுகிறவருக்கு மெர்சிங்கிலும் ஜெராண்டுட்டிலும் உள்ள டேசா பினா டிரி. மூன்றும் வேறு வேறு. மூன்றையும் "ஆசிரமம்" என்று ஒரே சொல்லில் அடைக்காதீர்கள்.

மறுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. சைக்கிளை எங்கே வைப்பது, நாயை யார் பார்ப்பது, விடியற்காலைச் சந்தை வேலை போய்விடுமே, 12-இல் சொன்ன மூன்று ஆண்டு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கோலாலம்பூரில் தெருவில் இருந்தவர்களை மண்டபங்களில் தங்க வைத்தார்கள். கூரை கொடுத்தால் வரவே மாட்டார்கள் என்ற பேச்சு அப்போது கொஞ்சம் அடங்கியது.

16. அவங்ககிட்ட என்னதான் பேசுறது? எப்படிக் கூப்பிடுறது?

"கெலண்டாங்கான்" (வீடில்லாதவரைக் குறிக்கும் மலாய்ச் சொல்) செய்தித்தாளுக்குச் சரி, முகத்துக்கு நேரே வேண்டாம். வயதுக்குத் தகுந்தபடி அண்ணே, ஐயா, அம்மா, பாட்டி. "ஏன் இங்க படுத்திருக்கீங்க?" என்று தொடங்கினால் பொய்யான பதில்தான் வரும், ஏனென்றால் அது போலீஸ் கேட்கும் கேள்வி. இந்த ஊரில் யாரை முதல்முறை பார்த்தாலும் கேட்பதையே கேளுங்கள்: "எந்தத் தோட்டம்ண்ணே நீங்க?"

பதில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டம் இன்று இல்லாவிட்டாலும் அந்தப் பெயரில் தமிழ்ப்பள்ளி வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம், அதன் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயரும் தகப்பன் பெயரும் பிறந்த தேதியும் இருக்கலாம். பிறப்புப் பத்திரமே இல்லாதவருக்குப் பதிவு இலாகாவில் காட்ட அது ஓர் ஆதாரம். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இன்னும் ஆண்டுதோறும் கூடுகிறவர்கள் யார், அங்கே வேலை பார்த்த கிராணி (தோட்டத்து எழுத்தர்) உயிரோடு இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் அங்கேதான் கிடைக்கும்.